என் பேரில் ஓடும் பஸ்

எதை எதிர்த்துப் பேசப் போகிறோமோ, அதிலேயே ஏறிக்கொண்டு போகக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் இன்று என் கைப்பேசி இத்தனை தடவை அலறாது.

எங்கள் தாமான், அதாவது எங்கள் குடியிருப்பு, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இப்போது வீடுகள், ஒரு கோயில், ஒரு தேவாலயம், ஒரு தேநீர்க் கடை, ஈப்போ நகரத்துக்கு ஒரு பஸ். அந்தப் பஸ்ஸின் செலவில் பாதியை அரசாங்கம் போட்டுக்கொண்டிருந்தது. இனிமேலும் போடுவதா, இல்லை பயணிகளே முழுதும் கொடுக்கட்டும் என்று விட்டுவிடுவதா என்று மக்களிடம் கருத்துக் கேட்க ஈப்போவில் கூட்டம் வைத்தார்கள். முழுக் கட்டணம் என்றால் பாதிப் பேர் ஏற மாட்டார்கள், பஸ் நின்றுபோகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் கார் இருந்தது. கார் இருக்கிறவனுக்குத் தேநீர்க் கடையில் குரல் கொஞ்சம் கனமாக வரும்.

"ஏறுறவன் காசு கொடுக்கட்டும் லா! நான் ஏறாத பஸ்ஸுக்கு என் வரி எதுக்கு? காலியாத்தானே ஓடுது!" (மத்தியான வெயிலில், ஒரே ஒரு தடவை, எதிரே வந்தபோது பார்த்த ஆராய்ச்சி.)

என் முழக்கத்தைக் கேட்ட தாமான் தலைவர், "பஸ் விஷயமாக நம்ம சேகர் பேசுவார்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். எந்தப் பக்கம் பேசுவேன் என்று போடவில்லை. நானும் ஓர் உரையை மலாயில் எழுதி, குளியலறையில் மனப்பாடம் செய்தேன்.

கூட்டத்தன்று காலையில் கார் கிளம்பவில்லை. பேட்டரி போய்விட்டது.

"பஸ்ஸுல போங்க," என்றாள் என் மனைவி விமலா.

"பஸ்ஸை எதிர்த்துப் பேசப் போறேன். பஸ்ஸுலயே போறதா?"

"பஸ்ஸுக்குத் தெரியவா போகுது?"

பஸ் வந்தது. காலி பஸ் என்று நான் சத்தியம் செய்திருந்த பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஏறி நோட்டை நீட்டினேன். கார்டு மட்டும்தான் என்று டிரைவர் கையை ஆட்டினார். என்னிடம் கார்டு ஏது? பின்னாலிருந்து ஒரு கை வந்து எனக்காகத் தன் கார்டை ஒரு தட்டுத் தட்டியது. மாரியம்மா அக்கா. மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறவர்.

"ஏறுங்க தம்பி. நமக்காகப் பேசப் போறவரு, உங்களை நடக்க விடுவோமா?"

'நமக்காக' என்றால் யார் யார்? அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். பஸ் முழுக்க எங்கள் தாமான். எல்லோரும் கூட்டத்துக்கு வருகிறார்கள். எனக்குக் கை தட்ட!

ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேனோ இல்லையோ, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆரோக்கியசாமி அண்ணன் பையிலிருந்து பொன்னாடையை உருவினார். அதிகாரிக்குப் போர்த்தக் கொண்டுவந்தது. (அந்தப் பொன்னாடை எங்கள் தாமானில் யார் தோளையும் விட்டு வைத்ததில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் துவைத்து மடித்துவிடுவார்.)

"பேசுறவருக்குத்தான் முதல் மரியாதை," என்று போர்த்தினார். பஸ் கைதட்டியது. ஒரு வளைவில் டிரைவர்கூடத் தட்டியதுபோல் இருந்தது.

"எங்கே, ஆரம்பத்தை மட்டும் ஒரு தடவை சொல்லுங்க. மலாய் சரியா இருக்கான்னு பார்க்கிறேன்," என்றார் அண்ணன்.

ஆரம்பமே 'நான் ஏறாத பஸ்ஸுக்கு' என்பதுதான்.

"தொண்டை... தொண்டையை மிச்சம் பிடிக்கிறேன்ணே."

அவ்வளவுதான். ஒருவர் இருமல் மிட்டாய், ஒருவர் இஞ்சி. அக்கா பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். பொன்னாடைக்குள் எனக்கு ஆறாக வியர்த்தது.

"இன்னைக்கு லீவு போட்டுட்டுத்தான் வாரேன் தம்பி," என்றார் அக்கா. "பஸ் நின்னுட்டா டாக்சிதான். சம்பளத்தை அப்படியே டாக்சிக்காரன்கிட்ட கொடுத்துட்டு நான் வீட்லயே படுத்துக்கலாம்." சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் பிளாஸ்க் மூடியைத் திருகிய கை நிறுத்த மறந்து திருகிக்கொண்டே இருந்தது.

"நான் ரெண்டு மடங்கு கூடத் தாரேன். முதல்ல டயத்துக்கு வரச் சொல்லுங்க!" என்றார் பின்னால் ஒருவர்.

"உங்களுக்குப் பென்ஷன் வருது மாமா, பேசுவீங்க!" என்றது இன்னொரு குரல். பஸ்ஸே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடைசியில், "சண்டை வேணாம், அதெல்லாம் சேகர் பார்த்துக்குவாரு," என்று சமாதானமானார்கள்.

கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். மனப்பாடம் ஈப்போ எல்லையிலேயே இறங்கிப் போயிருந்தது. மிஞ்சியது அந்த முதல் வரி மட்டும். அதைச் சொன்னால் திரும்பிப் போக இதே பஸ், இதே ஜனம்.

நான் தவிப்பதைப் பார்த்து, அதிகாரி அம்மா பரிவோடு கேட்டார்: "சுருக்கமாகச் சொன்னால் போதும். காசை யார் கொடுக்க வேண்டும்? பயணியா, வரி கட்டுபவரா?"

திரும்பிப் பார்த்தேன். மாரியம்மா அக்கா கை தட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"நான்!" என்று கத்தினேன்.

அதிகாரி அம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"நீங்களா?"

"நான் கொடுக்கிறேன்."

"முழுவதையுமா?"

"ஐயோ, இல்லைம்மா! நான்னா... வரி கட்டுற நான். என் பங்கை. இன்னைக்கு எனக்கு இன்னொருத்தர் கார்டு தட்டித்தான் நான் இங்கே வந்து சேர்ந்தேன்." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. உட்காரும்போது நாற்காலி இருந்ததே பெரிய விஷயம்.

என் வீரத்தாலோ, மற்றவர்கள் ஒழுங்காகப் பேசியதாலோ, அரசாங்கம் பாதிச் செலவைத் தொடர்ந்து போடுவது என்று முடிவானது. பஸ் ஓடுகிறது. 'நான் கொடுக்கிறேன்' என்று நான் வாய் தவறிச் சொன்ன முதல் பாதியை மட்டும் தாமான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காலையில் தாமதமானால் போன் வருகிறது: "அண்ணே, உங்க பஸ்ஸை இன்னும் காணோமே!" ஏர்கான் வேலை செய்யாவிட்டால் எனக்குத்தான் புகார். தஞ்சோங் மாலிமில் படிக்கும் மகள் தோழிகளிடம், "எங்க அப்பா பஸ் வச்சிருக்காரு," என்று சொல்லி வைத்திருக்கிறாள். விமலாவோ, "உங்க பஸ் விடியக்காலையில ஹாரன் அடிக்குது, கொஞ்சம் கண்டிச்சு வைங்க," என்கிறாள்.

நேற்று நல்ல மழை. மாரியம்மா அக்கா அழைத்தார்.

"தம்பி, நான் ஸ்டாப்புல நிக்கிறேன். உங்க பஸ் எங்கே வருது?"

"இதோ வந்துரும் அக்கா," என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.