ஐந்து கவர், ஒரே தேக்கு

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணெதிரே இருக்கிற எளிய காரணத்தை விட்டுவிட்டுப் பெரிய காரணத்தைத் தேடிப் போவார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

வெப்பமண்டல மரங்களில் எது எதற்குச் சொந்தம் என்று டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. தேக்கு, வேங்கை, மகோகனி, படாக், சால் என்று ஐந்து மரங்களின் தூள் தேவைப்பட்டது. திருவொற்றியூரில் ஒரு மர அறுவை மில்லுக்குப் போய், மேஸ்திரி மாரி அண்ணனிடம் பெயர் எழுதிய ஐந்து காலிக் கவர்களைக் கொடுத்துவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். (மரத்தூள் பட்டால் எனக்குத் தும்மல் நிற்காது. அப்புறம் ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள்.)

பரிசோதனையில் ஐந்துமே தேக்கு என்று வந்தது. மறுபடி செய்தேன், தேக்கு. ரசாயனத்தை மாற்றிச் செய்தேன்; அப்போதும் தேக்கு. வேங்கையும் தேக்கும் வேறு வேறு குடும்பம் என்று முதல் வருட மாணவனுக்கே தெரியும். நானோ கவரைச் சந்தேகிக்காமல் பரிணாமத்தைச் சந்தேகித்தேன். மூன்று வாரம் குழம்பி, பன்னிரண்டு பக்க விளக்கம் எழுதி, என் உதவித்தொகையை நீட்டிக்கலாமா என்று முடிவு செய்யும் குழுவின் முன் அதை வாசித்தும் விட்டேன்.

வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் முழுவதும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தூளை நீங்கதானே எடுத்தீங்க?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். உதவித்தொகையை நிறுத்திவைத்தார்கள்.

மறுநாள் மில்லுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்ட மாரி அண்ணன் என்னைவிட அதிகமாகக் குழம்பினார்.

"நீ தூளு தானே கண்ணு கேட்ட? அன்னிக்குத் தேக்குதான் ஓடிக்கினு இருந்துச்சு. ஒரே குவியல்லேந்து அஞ்சு கவரும் ரொப்பிக் குட்த்தேன். அதுல இன்னா பேஜாரு?"

முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, தும்மித் தும்மி, ஐந்து கட்டைகளையும் நானே சுரண்டி எடுத்தேன். மூன்று மாதம் கழித்து உதவித்தொகை திரும்ப வந்தது.

இதை வீட்டில் சொன்னதுதான் என் பெரிய தவறு. போன வருடம் தரகர் ஐந்து மாப்பிள்ளைப் படங்களைக் கொண்டுவந்தார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் என் அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"நல்லாப் பாத்துக்கோ. அஞ்சும் ஒரே குவியலாக் கீதான்னு."

ஒரே குவியல்தான். ஐந்து பேரும் அண்ணன் தம்பிகள்.