லாட்சாப் மாடி ஏறிய காலை

அன்றைக்கு அந்த மாடிப்படியில் இருந்தவர்களை மேலிருந்து கீழாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் மேலே, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் லாட்சாப். அவருக்குக் கீழே, பாக்கெட் கடிகாரத்தை வெளியே எடுத்தபடி ஹிஸ்டரி புரொபசர். அவர் முதுகுக்குப் பின்னால் பி.ஏ. பையன்கள் மொத்தமும். அவர்களுக்கு நடுவில், பெல் அடிக்கிற கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நசுங்கிப்போய் நான். பெங்களூரில் மகாராஜா ஊர்வலம் போன நாளில்கூட எங்கள் காலேஜ் மணி நின்றதில்லை. அதை நிறுத்திக் காட்டிய ஒரே மனுஷர் லாட்சாப்தான்.

ரிஜிஸ்டரில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கோலார் தங்கவயல்காரர், அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிவிட்டன. அல்சூர் தச்சர் ஒருவர் செய்துகொடுத்த சக்கரப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் மரக்கட்டை பிடித்துத் தரையை உந்திக்கொண்டு வருவார். மேலே கோட்டு, டை, தலையில் சரிகைத் தலைப்பாகை. கடகடவென்று அந்தச் சத்தம் கேட்டால் ஹாஸ்டல் வார்டனே சுவரோரம் ஒதுங்குவார். அந்த ஜம்பத்துக்கு வைத்த பெயர்தான் லாட்சாப், கவர்னர் துரை என்று அர்த்தம். ஹாஸ்டல் பந்தியில் எல்லாரும் தரையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வாராம்: "இப்பத்தான்யா எல்லாரும் சரியான உயரத்துக்கு வந்திருக்கீங்க."

நான் அந்தக் காலேஜ் பியூன், மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயப்படுவதில் மட்டும் எம்.ஏ. பெல் பிந்தினால் வேலை போகும், வேலை போனால் வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் வைப்பார், அப்புறம் மழை வேறு வரும் என்று தினமும் காலையில் ஒரு தரம் நடுங்கிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்புவேன்.

ஹிஸ்டரி வகுப்பு மாடியில். படியோ குறுகல். பையன்கள் மேலே போய் அரட்டை அடிப்பார்கள் என்று, படிக்குக் கீழே இருந்த இரும்புக் கதவை பெல்லுக்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் நான் திறக்க வேண்டும் என்பது உத்தரவு. பெல் தொங்குவது மாடி வராந்தாவில். அது அடித்ததும் புரொபசர் ஆஜர் கூப்பிட்டுவிட்டு வகுப்புக் கதவைச் சாத்துவார். மற்றவர்களை முன்னால் போகவிட்டு லாட்சாப் படிப்படியாகத் தன்னைத் தூக்கிப் போட்டு ஏறுவதற்குள், சாத்திய கதவுதான் அவரை வரவேற்கும்.

தூக்கிக்கொண்டு போகவில்லையா என்று கேட்பீர்கள். முதல் வாரம் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். புரொபசர் அதைப் பார்த்து, "சுவாமி புறப்பாடாயிடுத்தா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தூக்கின பையன்கள் மத்தியானம் காபி கிளப்புக்குப் போனவர்கள், அப்படியே மாட்டினி பார்க்கப் போய்விட்டார்கள். சாயங்காலம் பூட்டப் போனேன். இருட்டின வகுப்பில் லாட்சாப் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இனிமே என்னைத் தூக்கறதா இருந்தா, பொணமாத்தான் தூக்கணும்ணா" என்றார்.

வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லி ஆபீசில் கேட்டார். ஹெட் கிளார்க் தலையை நிமிர்த்தவே இல்லை. "கீழ் ரூம் மியூசியம்ப்பா. பாடம் பண்ணின கரடி இருக்குது."

"சார், அந்தக் கரடி செத்துப்போச்சு. நான் இன்னும் பீஸ் கட்டிக்கிட்டிருக்கேன்."

"கரடியை மாடி ஏத்த முடியாதேப்பா."

"என்னை ஏத்த முடியுமா?"

"நீ முயற்சியாவது பண்ணலாம். அதால அதுகூட முடியாது பாரு."

இப்படியே ஆஜர் குறைந்துகொண்டே போய், இன்னும் ஒரு ஆப்சென்ட் விழுந்தால் பரீட்சை கிடையாது என்கிற இடத்துக்கு வந்துவிட்டது. பரீட்சை இல்லையென்றால் ஸ்காலர்ஷிப் இல்லை. தங்கவயலுக்கு ரயிலேற வேண்டியதுதான்.

அந்தக் காலையில் நான் கதவைத் திறந்ததும் லாட்சாப் முதல் ஆளாக உள்ளே நுழைந்தார். பலகையைச் சுவரில் சாய்த்தார். முதல் படியில் எங்களைப் பார்த்து உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, எம்பி, அடுத்த படிக்குப் போனார். தர்பார் மாதிரி இருந்தது.

"நகருமய்யா, நாழியாறது" என்றார் புரொபசர்.

"நகர்ந்துகிட்டுத்தான் சார் இருக்கேன். உங்க வகுப்புக்குத்தான் வரேன்."

"நாங்க தாண்டிப் போயிடறோம்பா" என்றான் ஒரு நெட்டைப் பையன்.

"தாராளமா. ஆனா தாண்டினவன் திரும்பத் தாண்டிடணும். இல்லேன்னா யாருக்கு ஆகாதுன்னு உங்க வீட்ல கேட்டுக்கோ."

நெட்டையன் தாண்டியே விட்டான். உடனே கீழே நின்றவர்கள் எல்லாரும், "டேய் பாவி, திரும்பத் தாண்டுடா, தோஷம்டா" என்று கத்த, பயந்துபோய்த் திரும்பத் தாண்டி, பழைய இடத்துக்கே வந்து மூச்சு வாங்கினான். புரொபசர் ஆசாரசீலர். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "எனக்கு மட்டும் வழி விடுங்க லாட்சாப். பெல் அடிக்கணும். புள்ளகுட்டிக்காரன்."

"உங்களுக்கு விட்டா அடிச்சிடுவீங்க. அடிச்சா எனக்கு ஆப்சென்ட். சேர்ந்தே போவோம்ணா, மெதுவா வாங்க." பிறகு புரொபசரிடம் திரும்பி, "சார், சிப்பாய்க் கலகத்துல ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார்.

புரொபசருக்குச் சந்தேகம் கேட்டால் சும்மா இருக்க முடியாது. பதில் சொல்ல ஆரம்பித்தார். படி திரும்புகிற இடம் வருவதற்குள் கலகம் பாதி முடிந்துவிட்டது. பின்னால் நின்ற பையன்கள் சுவரில் தாளை வைத்துக் குறிப்பு எழுதினார்கள்.

கீழே முற்றத்திலிருந்து பிரின்சிபால் கன்னடத்தில் இரைந்தார்: "யாக்கய்யா, பெல் ஹொடெதில்ல?" ஏன் அடிக்கவில்லையாம்.

"பெல் மேல இருக்குது சார். நான் கீழ இருக்கேன்" என்றேன். அதைவிட உண்மையான பதிலை என் ஜென்மத்தில் யாருக்கும் சொன்னதில்லை.

லாட்சாப் எம்பிப் போன படிகளில் சிவப்பாக ஏதோ பட்டிருந்தது. அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் வழி கேட்கவில்லை.

ஒருவழியாக வகுப்புக்குள் நுழைந்து, முதல் பெஞ்சில் தொற்றி ஏறி, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "இப்ப அடிங்கண்ணா" என்றார். அடித்தேன். அல்சூர் ஏரியில் கொக்கு பறந்திருக்கும். புரொபசர் ஆஜர் கூப்பிட்டார். லாட்சாப் நம்பர் வந்ததும் பேனாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார், பிறகு ஆஜர் என்று எழுதினார்.

மறுநாளும் அதே தர்பார். அதற்கு மறுநாளும். காலேஜ் நேரமே தள்ளிப்போக, கெமிஸ்ட்ரிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பகல் இடைவேளையும் பிந்தியதில் காபி கிளப்பில் இட்லி ஆறிப்போனது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிரின்சிபால் உத்தரவு போட்டார்: ஹிஸ்டரி கீழே, மியூசியம் மாடிக்கு. கரடியைத் தூக்கிப்போன ஆட்களில் நானும் ஒருவன். லாட்சாப் படிக்குக் கீழே பலகையில் இருந்தபடி, "பாத்து, பாத்து. அதையாவது மத்தியானம் மறந்துட்டுப் போயிடாதீங்க" என்றார்.

பரீட்சை எழுதினார், தேறினார். மேல்படிப்பும் முடித்து, அதே காலேஜில் டியூட்டராக வந்தார். அவர் வகுப்பில் ஆஜர் கூப்பிடுவது வகுப்பு முடிகிற நேரத்தில்தான். அதுவரை யார் வேண்டுமானாலும் ஓடியோ நடந்தோ தவழ்ந்தோ வந்து சேரலாம். பிரின்சிபால் எழுத்தில் கண்டித்தும் மாற்றவில்லை. கதவு சாத்துவதும் கிடையாது. பெல் அடித்துவிட்டு இறங்குகிற நான் அந்த வாசலில் நின்று கேட்டதுதான் என்னுடைய மீதிப் படிப்பு. யாராவது பார்த்துவிட்டால் வேலை போகுமே என்று கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்துதான் நிற்பேன்.

பாடத்தை நிறுத்தாமலே என் பக்கம் திரும்பிச் சொல்வார்: "எவ்வளவு நேரம்ணா நிப்பீங்க? கால் வலிக்கும். உள்ள வந்து உட்காருங்க."