சாட்டிப் பூவரசின் சரியான கோணம்

பூவரசின் இடுப்பில் யாரோ சிவப்புத் துணி கட்டிவிட்டிருந்தார்கள்.

சைக்கிளை மணலில் சரிய விட்டுவிட்டுத் தியாகலிங்கம் திறந்த வாய் மூடாமல் நின்றார். நேற்று விடியற்காலை கோவணம்கூட இல்லாமல் நின்ற மரம்! சுற்றுமுற்றும் பார்த்தார். சாட்டிக் கடற்கரை வெளியில் ஒரு சனம் இல்லை. அப்பால் பனை வடலிக்குள் கட்டியிருந்த நாலைந்து ஆடுகள்தான் அவரைப் பார்த்து அசைபோட்டன.

"ஆர் பாத்த வேலையடா இது?" என்று ஆடுகளிடம் கேட்டார்.

தியாகலிங்கம் ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். போன வருடம் யாழ்ப்பாணத்தில் நடந்த படக் கண்காட்சிக்கு ஒரு பனைமரப் படம் அனுப்பியிருந்தார். அது ஒரு துண்டுக் கடுதாசியோடு திரும்பி வந்தது. 'மரம் படத்தின் நட்டநடுவில் கம்பம் நட்டதுபோல நிற்கிறது. தலை வெட்டுப்பட்டிருக்கிறது. வலது மூலையில் தெரிவது ஒரு மாட்டின் பின்பக்கம் என்று ஊகிக்கிறோம்.' பக்கத்து மேசை யாக்கோப்பு அதைப் பறித்துக் கந்தோர் முழுவதும் கேட்க வாசித்தார். அன்றிலிருந்து தியாகலிங்கம் உள்ளே வரும்போதெல்லாம் "பின்பக்கம் வந்திட்டுது" என்று ஏதாவதொரு மேசையிலிருந்து குரல் வரும்.

இந்த வருடம் விடுவதில்லை என்று முடிவு செய்தார். புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து மூன்று தரம் படித்தார். கமராவைத் தொடுமுன் மட்டையில் ஒரு சதுர ஓட்டை வெட்டி அதற்குள்ளால் மரத்தைப் பார்க்கச் சொன்னது புத்தகம். எல்லாப் பக்கத்தாலும் பார்க்க வேண்டும், தாழப் படுத்தும் பார்க்க வேண்டும். மரம் நடுவில் நிற்கக் கூடாது, மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும். வேண்டாத பொருள் எதுவும் உள்ளே வரக் கூடாது.

அவசரப்பட்டுப் படம் எடுக்க அவரிடம் பிலிமும் இல்லை. எழுபத்து நாலாம் ஆண்டு. இறக்குமதி நின்று, கடைகளில் பிலிம் கண்ணாலும் காணக் கிடைக்கவில்லை. கப்பலில் வேலை செய்யும் மைத்துனன் கொண்டுவந்து கொடுத்த ஒரே ஒரு சுருள் வீட்டு அலுமாரியில், மனைவியின் கூறைச்சேலைக்குள் சுற்றிக் கிடந்தது. பன்னிரண்டு படம். ஆகவே மூன்று நாளாக வேலணையிலிருந்து விடிய வெள்ளெனச் சைக்கிள் மிதித்து, வெறும் மட்டையோடு வந்து, சோளகக் காற்று வளைத்த அந்தப் பூவரசைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டார். நேற்றுத்தான் கோணம் பிடிபட்டது.

இன்று துணி!

அவிழ்த்தார். புதுத் துணி, எறிய மனம் வரவில்லை. நாலாய் மடித்து வேரில் வைத்துவிட்டுக் கந்தோருக்குப் போனார்.

மறுநாள் மரம் சரிகைக் கரை போட்ட பட்டு உடுத்து நின்றது. அடிமரத்தில் மூன்று குறி விபூதி. அதுகூடப் பரவாயில்லை. முன்னால், வெறும் மணலாய் இருக்கவேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்த சரியான இடத்தில், சந்தனம் பூசிய கல் ஒன்று முழங்கால் உயரத்துக்குக் குந்தியிருந்தது.

தியாகலிங்கம் பட்டுத் துணியை அவிழ்த்தார். கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, "அப்பனே... முருகா..." என்று முனகிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி, மட்டையின் ஓட்டைக்குள் அகப்படாத கிழக்குப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். கரையில் கிடந்த பால்மாத் தகரத்தில் தண்ணீர் மொண்டு வந்து, மரத்தில் ஊற்றி ஊற்றி விபூதியைக் கழுவினார். ஏழு தகரம் பிடித்தது.

கந்தோருக்குள் நுழைந்ததும் நேரே யாக்கோப்பின் மேசைக்குப் போனார்.

"உம்மட பகிடிக்கு ஒரு அளவில்லையோ, யாக்கோப்பு?"

"என்ன பகிடி?"

"மரத்துக்குப் பட்டுக் கட்டினது ஆர்? கல்லுக் கொண்டந்து வைச்சது ஆர்? என்ர படத்தைக் கெடுக்கத்தானே?"

"ஐசே, நான் வேதக்காரன். பட்டுக் கிடைச்சால் எங்கட மாதாவுக்குச் சாத்தமாட்டனோ? உம்மட பூவரசுக்கு ஏன் கட்டுறன்?"

சொல்லும்போது யாக்கோப்பு சிரிக்கவில்லை. அதுதான் தியாகலிங்கத்தை அதிகமாய்க் கலக்கியது.

பின்னேரம் குசினி வாசலில் நின்று மனைவி நாகபூசணிக்கு விஷயத்தைச் சொன்னார். அவள் அகப்பையைக் கீழே போட்டாள்.

"கல்லைத் தூக்கினியளோ? என்னப்பா, அது வைரவரெண்டால்?"

"வைரவரும் இல்லை, மண்ணும் இல்லை. நாலு நாளைக்கு முந்தி அதிலை ஒண்டுமே இல்லை."

"புதுசா வந்த வைரவருக்குத்தான் கோபம் கூட. விட்டுட்டு வேறை மரத்தைப் பாருங்கோவன்."

"ஏலாது. திங்கக்கிழமை படம் யாழ்ப்பாணம் போகவேணும். நாளைக்கு ஒருக்காப் போய்த் துப்புரவாக்கிப்போட்டு, ஞாயிறு எடுக்கிறன்."

சனிக்கிழமை துப்புரவாக்கப் போனவர் அப்படியே மணலில் இருந்துவிட்டார்.

கல்லை அவர் நகர்த்தி வைத்த இடத்தில், அதே கிழக்குப் பக்கத்தில், கல்லோடு சேர்த்து ஒரு சூலம். அதன் மேலே புதுக் கிடுகால் வேய்ந்த கொட்டில். பூவரசின் வளைந்த கொப்பில், எந்த வளைவுக்காக அவர் இந்த மரத்தையே தேர்ந்தாரோ அந்தக் கொப்பில், தொங்கியது ஒரு வடைமாலை. இரண்டு காகங்கள் வேறு.

காகத்தைக் கலைத்தார். மாலையைக் கழற்றினார். வடை இன்னும் சூடாக இருந்தது. வெறுவயிற்றோடு வந்தவர். ஒன்று தின்றார். உப்பும் உறைப்பும் அளவாக இருக்க, இன்னும் இரண்டு தின்றார். மிச்சத்தை, படத்துக்குள் வராதபடி, சூலத்தில் கொழுவினார். மட்டையை எடுத்துப் பார்த்தார். ஆறு அடி இடப்பக்கம் தள்ளி நின்றால் கொட்டில் மறையும். படம் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை கமராவுக்குள் சுருளை ஏற்றிக் கழுத்தில் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டார். அரை மைல் தூரத்திலேயே மேளச் சத்தம் கேட்டது.

சாட்டி வெளி முழுவதும் சனம். மாட்டு வண்டிகள், சைக்கிள்கள், நெடுந்தீவிலிருந்து வள்ளம் பிடித்து வந்தவர்கள். வரிசையாய் இருபது பொங்கல் பானை. அந்தப் புகைக்குள் பூவரசு எங்கே என்றே தெரியவில்லை. உச்சியில் ஏழெட்டு இலை மட்டும் தெரிந்தது. அதற்கும் யாரோ ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

கையில் தேங்காயோடு யாக்கோப்பு நின்றார்.

"வேதக்காரன் எண்டீர்?"

"ஒரு காவலுக்கு, ஐசே" என்று யாக்கோப்பு வேறு பக்கம் பார்த்தார்.

தியாகலிங்கம் கமராவை உயர்த்தினார். ஓரத்தில் பானை, நடுவில் மேளகாரர், மூன்றில் ஒரு பங்கில் ஐஸ்பழ வண்டி. ஒரு வருட அவமானம், மைத்துனனின் ஒற்றைச் சுருள், ஏழு தகரம் தண்ணீர், எல்லாம் நெஞ்சுக்குள் கொதித்து ஏற, கமராவை இறக்கிவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தார். சனம் ஏனோ விலகி வழிவிட்டது. மேளமும் நின்றது.

கொட்டில் வாசலில், உடம்பெல்லாம் விபூதி பூசி எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்த மனிதரை மறித்தார்.

"நீர் ஆர்?"

"நான் ஏரம்பு, ஐயா. உந்த வடலிக்குள்ளை நிக்கிறது என்ர ஆடுகள்தான்."

"சும்மா நிண்ட மரத்தைக் கோயிலாக்கினது எந்த விசரன்? இப்ப எனக்குத் தெரியவேணும். ஆர் முதல் தொடக்கினது?"

ஏரம்பு தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி நின்றார்.

"ஏன் ஐயா ஏழையளைச் சோதிக்கிறியள்? விடிய வெள்ளண வந்து, மூண்டு நாளாய் இந்த மரத்தைச் சுத்திச் சுத்தி, மண்ணிலை விழுந்து விழுந்து எழும்பினது நீங்கள்தானே!"