புழுவே இல்லாத புழு நோய்

கோபக்காரர்கள் கையில் அரிவாள் கொடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மைக்ராஸ்கோப் கொடுக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பென்னாகரம் போகிற வழியில் எங்களுக்கு மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு ஷெட்டும் இருக்கிறது. பக்கத்து ஷெட் என் வீட்டுக்காரரின் அக்காவுடையது. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி. அதில் அவர் துணி காயப்போடுவார், நான் சண்டை போடுவேன். (சண்டையிலும் "ங்க" போட்டுத்தான் பேசுவேன். எனக்கும் மரியாதை தெரியும்.)

பட்டு ஆபீசில் ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த மேடம் திரையில் ஒரு படம் போட்டார். பளபளவென்று, நெல் மணி போல நீளவாக்கில் சில உருண்டைகள்.

"இதுதாங்க பெப்ரைன் நோய்க் கிருமி. தாய்ப் பூச்சிகிட்ட இருந்து முட்டைக்கு வரும், முட்டையில இருந்து புழுவுக்கு வரும். ஒரு ஷெட்டுல வந்துட்டா மொத்தப் புழுவையும் குழி தோண்டிப் பொதைக்கணும். பக்கத்து ஷெட்டையும் விட முடியாது."

மத்தியானம் என்ன சாப்பாடு போட்டார்கள் என்பது மறந்துவிட்டது. அந்தப் படம் மட்டும் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அடுத்த வாரமே ஆன்லைனில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினேன். செல்போனை மேலே மாட்டி போட்டோ எடுக்க ஒரு கிளிப்பும் கூடவே வந்தது. என் வீட்டுக்காரர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுல சோறு வேகுமா?" என்று கேட்டார். அதோடு சரி. அவர் அதிகம் பேச மாட்டார். எங்கள் வீட்டில் பேசுகிற வேலை என்னுடையது.

ஒரு மாதம் கண்ணில் பட்டதையெல்லாம் போட்டோ எடுத்தேன். வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தால் செங்கல் சுவர் மாதிரி இருந்தது. மல்பெரி இலையின் அடிப்பக்கத்தில் குட்டிக் குட்டி வாய்கள். எருமைத் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து வைத்தால், கண்ணாடி மாதிரி ஒரு ஜந்து தலையில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு திரிந்தது. அதன் வயிற்றுக்குள் அது தின்றது தெரிந்தது. சத்தியமாக அழகாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணி வீட்டுக் குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து, அதில் நீந்தியதையும் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

அண்ணி வேலிக்கு வந்தார். "ஏம்மா மஞ்சு, எங்க வூட்டுத் தண்ணிய எங்களுக்கே தெரியாம போட்டோ எடுத்து ஊருக்கு காட்டுறயே, நல்லாவா இருக்குது?"

"கொடத்த மூடி வெச்சீங்கன்னா நல்லா இருக்கும் அண்ணி."

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. எனக்கு அது ஓய்வு மாதிரி இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தடவை இரண்டு ஷெட்டிலும் புழு கடைசித் தோல் உரித்துவிட்டு, விரல் தண்டிக்குக் கொழுத்து, ராத்திரி பகல் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தது. சில நாளில் கூடு கட்டிவிடும். அந்தக் கூடு விற்றுத்தான் அண்ணி மகளுக்கு வளைகாப்பு. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, வளையலுக்குச் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லியாகிவிட்டது.

அன்றைக்குக் காலையில் எங்கள் ஷெட்டில் ஒரு புழு மட்டும் இலை எடுக்காமல் சோம்பிக் கிடந்தது. பயிற்சியில் சொன்னபடி அதை நசுக்கி, தண்ணீர் விட்டு, ஒரு சொட்டை ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் வைத்தேன். பார்த்தால் ஒரே மங்கல். மேலே கண் வைக்கிற குழாயைக் கழற்றி, அதன் கண்ணாடியைத் தோளில் கிடந்த துண்டால் நன்றாகத் துடைத்து மாட்டினேன். (நைட்டி மேல் துண்டு இல்லாமல் நான் வெளியே வருவதில்லை. அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, பின்னலைத் துண்டின் மேல்தான் போட்டிருந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

திரும்பக் கண்ணை வைத்தேன். பளபளவென்று நெல் மணிகள். வலது பக்கம் மூன்று, கீழே இரண்டு, ஓரத்தில் வளைந்து ஒன்று.

போட்டோ எடுத்தேன். நன்றாக இலை தின்கிற புழு ஒன்றை எடுத்து நசுக்கினேன். அதே நெல் மணிகள். இன்னொன்று. அதிலும் அதே. ஸ்லைடை இந்தப் பக்கம் நகர்த்தினேன், அந்தப் பக்கம் நகர்த்தினேன். மணிகள் நகராமல் நின்ற இடத்திலேயே நின்றன. மூளை உள்ளவர்கள் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். நான் நினைத்தது இதுதான்: எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இருக்கிறதே, அவ்வளவு கிருமி.

அப்புறம் அண்ணி தோட்டத்துக்கு இலை பறிக்கப் போன சமயம் பார்த்து வேலி தாண்டி அவர் ஷெட்டுக்குள் போனேன். புழு எடுத்து வந்து நசுக்கினேன். அதிலும் அதே. போன தடவை புழு வளர்க்கிற எங்கள் தட்டுகளை இரவல் வாங்கி, சரியாகக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தது அவர்தான். எனக்கு வழக்கு முடிந்துவிட்டது, தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

எங்கள் பக்கத்துப் பட்டு விவசாயிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. எல்லா போட்டோவையும் அதில் போட்டேன். கூடவே குரலையும் பதிந்து அனுப்பினேன். "பெப்ரைன் வந்துருச்சுங்க. எங்க அண்ணி வூட்டுத் தட்டுல இருந்து வந்துருச்சு. யாரும் அவங்ககிட்ட ஒரு பொருளும் வாங்காதீங்க, குடுக்காதீங்க." மேடத்துக்கும் போன் போட்டேன். என் வீட்டுக்காரரிடம் மண்வெட்டியைக் கொடுத்து, ஷெட்டுக்குப் பின்னால் குழி தோண்டச் சொன்னேன்.

"மேடம் வந்து பாக்கட்டுமே மஞ்சு," என்றார்.

"நான் பாத்தது பத்தாதா?"

அவர் தோண்ட ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி வந்து நின்றார். கையில் போன். அதில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"என் ஷெட்டுக்குள்ள யாரக் கேட்டு வந்த?"

"நோய் என்னக் கேட்டா வந்துச்சு? உங்க தட்டுல வந்துச்சுங்க."

"அது உன் தட்டும்மா."

"கழுவாம குடுத்தது யாருங்க?"

அண்ணி பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்து மூச்சை இழுத்து வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. குழியைப் பார்த்தார். தன் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். "புள்ளைக்கு ஏழாம் மாசம் நடக்குது மஞ்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுத்து வைத்த மூச்சை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் குரூப்பில் இருந்தவர்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. புளியமரத்தடியிலேயே நின்று, "இங்கிருந்தே பாக்கறோங்க" என்றார்கள். எங்கள் வாசலில் இழவு விழுந்த மாதிரி இருந்தது.

மேடம் வந்தார். வாசலில் வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே வந்தார். புழுக்களைப் பார்த்தார். "புழு நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"வெளிய அப்படித்தாங்க மேடம் தெரியும். உள்ள பாருங்க," என்று போனை நீட்டினேன்.

ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளிக்கொண்டே போனார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"எல்லாமே வேற வேற புழுவா?"

"ஆமாங்க மேடம். வேற வேற ஷெட்டு கூட."

"எல்லாத்துலயும் வலது பக்கம் மூணு, கீழ ரெண்டு, ஓரத்துல வளைஞ்சாப்ல ஒண்ணு. எப்படிங்க அது?"

"அவ்வளவு தீவிரமான நோயிங்க மேடம்."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஸ்லைடை எடுத்துட்டுப் பாருங்க," என்றார்.

"எடுத்துட்டா என்னங்க தெரியும்?"

"எடுத்துட்டுப் பாருங்க."

ஸ்லைடை எடுத்தேன். கண்ணை வைத்தேன். புழு இல்லை, ஸ்லைடு இல்லை, ஒன்றுமே இல்லை. வலது பக்கம் மூன்று, கீழே இரண்டு, ஓரத்தில் வளைந்து ஒன்று.

மேடம் மேல் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் மோந்து பார்த்தார். அந்த அம்மாவை நான் மறக்கவே மாட்டேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். புளியமரத்தடி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தேங்காய் எண்ணெய்."

அத்தனை பேரும் என் துண்டைப் பார்த்தார்கள். அப்புறம் என் பின்னலைப் பார்த்தார்கள். வாசனை புழுவுக்கு ஆகாது என்று, பவுடர் பூசிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஷெட்டு வாசலில் நின்றால்கூட விரட்டுகிறவள் நான்.

மேடம் கண்ணாடியைச் சுத்தம் செய்து, இரண்டு ஷெட்டுப் புழுக்களையும் நிதானமாகப் பார்த்தார். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. நான் முதலில் பார்த்த அந்தச் சோம்பேறிப் புழுவைப் பற்றிக் கேட்டேன். "மனுசங்க மாதிரிதாங்க, ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும்," என்றார். அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரர் இடுப்பளவு குழிக்குள் நிமிர்ந்து நின்று, "இன்னும் தோண்டட்டுமா, போதுமா?" என்று கேட்டார். புளியமரத்தடியில் ஒருத்தர் சிரிப்பு தாங்காமல் பைக்கோடு சாய்ந்தார்.

நான் வேலிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால், "தட்ட இனிமே நானே கழுவிக்கறங்க," என்று ஏதோ உளறினேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். என் ஷெட்டுல எடுத்துட்டுப் போயி நசுக்குன புழுவெல்லாம் திருப்பிக் குடு."

கூடு நன்றாக வந்தது. வளைகாப்பும் நடந்தது. சந்தனம் பூச என் முறை வந்தபோது அண்ணி சபையில் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "எண்ணெ இல்ல, பூசலாம்," என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கு விவரம் தெரியாதே என்று பக்கத்தில் உட்கார வைத்து, என் குரல் பதிவையும் போட்டுக் காட்டினார். இன்றுவரை அதை அழிக்கவில்லை. போன் மாற்றியபோது அதைத்தான் முதலில் ஏற்றச் சொன்னாராம்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சட்டினியில் உப்பு, மோட்டார் சுவிட்சு, பால்காரர் என்று நான் எதற்குக் குரலை உயர்த்தினாலும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஸ்லைடை எடுத்துட்டுப் பாரு மஞ்சு," என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் என்னை வாயடைக்க அவருக்குக் கிடைத்த ஒரே வாக்கியம். (நிறைய தடவை ஸ்லைடை எடுத்த பிறகும் கறை இருக்கத்தான் செய்கிறது. அதை அவரிடம் சொல்வதில்லை.)

தோண்டின குழியை மூட அவருக்கு மனசில்லை. குப்பை போட்டு, மண் போட்டு, ஒரு பப்பாளி வைத்தார். மரம் தாறுமாறாகக் காய்க்கிறது. முதல் பழத்தை வேலிக்கு மேலே அண்ணியிடம் நீட்டினேன். வாங்கி, சூரியனுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"வலது பக்கம் மூணு இருக்குதும்மா," என்றார். "கீழ ரெண்டு."

நானும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் இருமினார். தோளில் இருந்த துண்டை எடுத்து வேலியில் போட்டுவிட்டு, பழத்தை அறுக்கக் கத்தி எடுக்கப் போனேன்.