பக்கத்து சீட்டு ஏழு கிலோ

நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்த ஆயுளுக்குள் ஒரே ஒரு தடவையாவது, பக்கத்தில் ஆள் இல்லாமல் கார் ஓட்டிவிடுவது.

இதெல்லாம் ஒரு ஆசையா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி டிரைவிங் ஸ்கூல் டீச்சர் என்பது தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். இருபத்திரண்டு வருஷம் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்றது ஸ்கூலில் இருந்துதான். கற்றுக்கொடுப்பதில் இருந்து அல்ல. வீட்டிலிருந்து காய்கறிக் கடை ஒன்றேகால் கிலோமீட்டர். அதற்குள் "கண்ணாடியைப் பாருங்க", "கியரை மாத்துங்க", "சைக்கிள் வருது", "சைக்கிள் போயிடுச்சு" என்று முப்பத்தொரு கட்டளைகள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். முப்பத்திரண்டாவது, "வாய்க்குள்ள என்ன எண்ணிக்கிட்டு வர்றீங்க? ரோட்டைப் பாருங்க!"

நான் லாரி எடை மேடையில் வேலை பார்த்தவன். லாரி ஏறும். எடை பார்த்து எழுதிக் கொடுப்பேன். லாரி இறங்கும். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் முப்பத்தாறு வருஷத்தில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதினேன் என்று யாரும் சொன்னதில்லை. கூச்ச சுபாவம் வேறு. நாலு பேர் சேர்ந்தால் எனக்குப் பேச்சு வராது. லாரியோடு பேச வேண்டிய அவசியமில்லை என்பதால் பிழைத்தேன்.

ஓய்வுக்குப் பிறகுதான் கிட் கார் பைத்தியம் பிடித்தது. கிட் கார் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வரும். நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். கூரை கிடையாது. ரேடியோ கிடையாது. கதவு கேட்டால் பாதிக் கதவு கொடுப்பார்கள். இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் ரோட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு சாண். அவ்வளவு லேசான வண்டி என்பதால் சின்ன இஞ்சினே அதைப் பறக்கவிடும். எனக்கு வந்தது பதினேழு பெட்டி. பதினான்கு மாதம் பூட்டினேன். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு போல்ட். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எங்கள் ஊரில் இந்தப் பைத்தியங்களுக்கு ஒரு கிளப் உண்டு. இருபத்துமூன்று பேர். செயலாளர் மருந்துக்கடைக்காரர். மஞ்சள் கார் வைத்திருப்பவர் பல் டாக்டர். வருஷத்துக்கு ஒரு நாள், பழைய விமான ஓடுதளத்தில் 'இறகு ஓட்டம்' நடத்துவார்கள். மூன்று சுற்று. காரும், ஹெல்மெட் போட்ட ஓட்டுநரும் சேர்ந்து ஐந்நூற்று அறுபது கிலோவைத் தாண்டக் கூடாது. பக்கத்தில் ஓர் ஆளை ஏற்றிக்கொள்ளலாம். அவர் எடை கணக்கில் சேராது. செயலாளரின் மனைவிக்குக் காற்று வாங்கப் பிடிக்கும், அதனால் இந்தச் சலுகை.

நான் கணக்குப் போட்டேன். கார் நானூற்று எண்பத்தாறு. நான் எழுபத்திரண்டு. ஹெல்மெட், பூட்ஸ் மூன்று. மொத்தம் ஐந்நூற்று அறுபத்தொன்று. ஒரு கிலோ கூடுதல்! வாழ்க்கையில் ஒரு கிலோ கூடியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

சமையலறைக்குப் போனேன்.

"ஏம்மா, ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா உக்காந்து சொல்வீங்க. நிக்கிறீங்க. பெரிசுதான். சொல்லுங்க."

"கார்ல பக்கத்து சீட்டைக் கழட்டணும்."

"ஏன், அதுக்கு உடம்பு சரியில்லையா?"

"எடை. ஒரு கிலோ கூடுது. அந்த சீட்டு ஏழு கிலோ."

"வேற எதையாவது கழட்டுங்களேன்."

"வேற எதுவும் இல்ல. எல்லாம் தேவையானது."

"உங்க தலைக்கனம் இருக்கே. அதை இறக்கினாலே ஏழு கிலோ தேறுமே."

நான் அசையவில்லை. என்றைக்கும் இல்லாத உறுதி அன்றைக்கு வந்திருந்தது.

"இந்தா பாரு, எடைன்னு வந்துட்டா வேற பேச்சே கிடையாது. கூடுதலா இருக்கிறது இறங்கித்தான் ஆகணும். எத்தனை லாரிக்காரங்க கெஞ்சியிருக்காங்க தெரியுமா? நான் விட்டதில்ல."

"கூடுதலா இருக்கிறது இறங்கணும்."

"ஆமா."

"யாரா இருந்தாலும்."

"யாரா இருந்தாலும்."

"சரி," என்றாள். "பதிமூணாம் நம்பர் ஸ்பேனர்தானே? இருங்க, எடுத்துட்டு வரேன்."

நாற்பது வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் "சரி" சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ சீட்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு, குழந்தையைப் போல, ஷெட் மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

ஓட்டத்துக்கான படிவத்தையும் அவளே எழுதினாள். அவள் கையெழுத்து முத்து மாதிரி. என்னுடையது லாரிச் சக்கரம் ஏறின மாதிரி.

"உங்க எடை?"

"எழுபத்திரண்டு."

"யார் சொன்னா?"

"டாக்டரம்மா. பதினோரு வருஷம் முன்னால."

"ம்," என்றாள். காரின் ஒவ்வொரு வாஷரையும் எடை போட்ட நான் அந்த 'ம்'மை எடை போடாமல் விட்டுவிட்டேன். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. கையெழுத்துப் போடுங்க." போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரில் கிளம்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் பின்னால் ஸ்கூட்டரில் அவள் வந்தாள். ஒரு ஹாரன் அடித்தால் 'மெதுவா'. இரண்டு அடித்தால் 'கண்ணாடி'. ஓடுதளம் போய்ச் சேருவதற்குள் பதினெட்டு ஹாரன். இதை நான் தனியாக ஓட்டியதாகக் கணக்கில் எழுதவில்லை. பரவாயில்லை, ஓடுதளத்துக்குள் ஸ்கூட்டர் வராது. அங்கே மூன்று சுற்று எனக்கே எனக்கு.

பல் டாக்டர் ஓடி வந்தார். "வணக்கம் டீச்சர்!" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார். அவருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் இவள்தான்.

பெட்ரோல் டாங்கிக்கு சீல் வைத்தார்கள். காரைத் தராசு மேடையில் ஏற்றினார்கள். நானூற்று எழுபத்தொன்பது. என் கணக்கு அணுவளவும் பிசகவில்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தேன்.

மருந்துக்கடைக்காரர் எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஐயா, ஐந்நூத்து அறுபத்தாறு."

"தராசு தப்பு."

"இப்பதானே ஐயா கார் எடை சரின்னீங்க?"

"அது சரி. இது தப்பு."

இருபது கிலோ படிக்கல்லைக் கொண்டுவரச் சொன்னேன். வைத்தார்கள். இருபது காட்டியது. படிக்கல் பொய் சொல்லாது. எடை மேடையில் ஒரு விதி உண்டு: எடை பார்க்கிறவன் மேடை மேல் கால் வைக்கக் கூடாது. முப்பத்தாறு வருஷம் அந்த விதியை மீறாமல் இருந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் மீறவில்லை. நான் எழுபத்திரண்டு இல்லை. எண்பத்து நாலு.

ஆறு கிலோ. விடுவேனா? ஸ்பேனரை எடுத்தேன்.

முன் கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டு கிலோ போயிற்று. பாதிக் கதவு இரண்டும் ஒன்றரை. கால்மிதி அரை. ஐந்நூற்று அறுபத்திரண்டில் வந்து நின்றது. கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். சாவிக்கொத்து, சீப்பு, டைரி, பெல்ட். அரை கிலோதான் இறங்கியது.

"அண்ணே, பல்லு ஒண்ணு ரெண்டு எடுத்துப் பாக்கலாமா?" என்றார் பல் டாக்டர். இருபத்தோரு பேர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை, எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் பக்கத்தில் வந்தாள்.

"பெல்ட்டை எடுத்தும் பேண்ட் நிக்குது பாத்தீங்களா?"

"அதுக்கு என்ன இப்ப?"

"ரெண்டு தடவை பிரிச்சுத் தச்சேன். நீங்க எடை எடைன்னு கார் பின்னாடியே அலைஞ்சீங்க. நான் உங்க இடையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"கேட்டேனே, யார் சொன்னான்னு. டாக்டரம்மான்னீங்க." காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இனிமே இதுல கழட்ட ஒண்ணுதான் பாக்கி."

"எது?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"நீங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. நாலு பேர் முன்னாலேயே வராது. அங்கே இருபத்திரண்டு பேர்.

"கூடுதலா இருக்கிறது இறங்கணும், யாரா இருந்தாலும். சொன்னது நீங்களா, நானா?"

"நான்தான். ஆனா பேரு குடுத்தது நான். வேற ஆள் ஓட்ட முடியாது. செயலாளர் சார், சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் படிவத்தைப் புரட்டினார். "மாற்று ஓட்டுநர்னு டீச்சர் பேரு இருக்கு ஐயா. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு." இரண்டாவது 'இங்க ஒண்ணு' அதுதான்.

லேசான வண்டி எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். இவள் லேசுப்பட்டவள் இல்லை என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. இறங்கினேன்.

"முதல்ல அந்தக் கண்ணாடி, கதவு எல்லாத்தையும் திரும்ப மாட்டுங்க. கண்ணுல தூசி விழும்."

மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கினேன். உள்ளே ஏறப்போவது அவள். ஸ்கூட்டர் ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்தாள். ஐந்நூற்று முப்பத்து மூன்று. இருபத்தேழு கிலோ மிச்சம். பக்கத்து சீட்டைத் திரும்பப் போட்டு நானாவது ஏறியிருக்கலாம். அதுதான் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறதே.

கொடி இறங்கியது. ஸ்டாப்வாட்ச் என் கையில்.

என்னவென்று சொல்வது! முதல் திருப்பத்தில் வண்டி தரையை ஒட்டிக்கொண்டு, கத்தரிக்கோல் துணியில் போகிற மாதிரி போனது. பின்சக்கரம் லேசாக நழுவியது; அவள் அதைச் செல்லமாகத் திருப்பிக்கொண்டாள். நேர் பாதையில் இஞ்சின் பாடியது. நான் பூட்டிய ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட முனகவில்லை. மூன்று சுற்று, நாலு நிமிஷம் ஐம்பத்தோரு நொடி. அதுவரை முதலில் இருந்த மஞ்சள் காரை விடப் பதினோரு நொடி குறைவு. நானும் கை தட்டினேன். தட்டிய பிறகுதான் நான் தோற்றுப்போனது ஞாபகம் வந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் சிவந்திருந்தது.

"ஏங்க, பக்கத்துல யாரும் இல்லாம ஓட்டுறது எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

"இருபத்திரண்டு வருஷம் நான் பக்கத்து சீட்டுலயே உக்காந்திருந்தேன். ஒருத்தன் ஒழுங்கா ஓட்டல. அப்புறம் உங்க பக்கத்துல." மூச்சு வாங்கினாள். "நீங்க சீட்டைக் கழட்டணும்னு சொன்னப்ப எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! சிரிப்பை அடக்கத்தான் ஸ்பேனர் எடுக்க ஓடினேன்."

டைரியை எடுத்து அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

"சரி, வீட்டுக்குக் கிளம்பலாமா?" என்று டிரைவர் சீட்டுப் பக்கம் நகர்ந்தேன்.

"கிளம்பலாமே," என்று ஸ்கூட்டர் சாவியை என் கையில் வைத்துவிட்டு, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

முதல் திருப்பத்திலேயே என் கார் என் கண்ணுக்கு மறைந்துவிட்டது; சிக்னல் போட்டுத்தான் திரும்பினாள், அதில் குறை சொல்ல முடியாது.