முந்நூத்திரெண்டு மாஸ்டர்

பூரி தேய்த்துக்கொண்டே தூக்குத்தண்டனையை விளக்கக்கூடிய மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். கோவையில் எங்கள் சட்டக் கல்லூரி விடுதியின் சமையல் மாஸ்டர். பெயர் யாருக்கும் தெரியாது. ‘முந்நூத்திரெண்டு’ என்போம்; பழைய சட்டத்தில் கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு. புதுச் சட்டம் அதை நூற்று மூன்றாக மாற்றியபோது, இரண்டு நாள் ரசத்தில் உப்பே இல்லை.

நான் சேர்ந்த வாரம், சாப்பாட்டு மேசையில் ஒரு கரப்பானை அடித்தேன்.

“ஏனுங்க கண்ணு, சாகோணும்னே அடிச்சீங்களா?”

“ஆமாங்க மாஸ்டர்.”

“மனுசனா இருந்தா இது கொலைங்க. ஆயுள், இல்லீனா தூக்கு. அது உங்களைப் பயங்கரமா சீண்டி, சுருக்குனு தன்னை மறந்து அடிச்சிருந்தா, மரணந்தான், ஆனா கொலைன்னு ஆகாது. பத்து வருசம், மிஞ்சுனா ஆயுள். கவனமில்லாம கால் பட்டுச் செத்திருந்தா ரெண்டு வருசம் வரைக்கும். போயி கை கழுவீட்டு வாங்க.”

பேராசிரியர் மூன்று வாரம் நடத்தியதை இவர் மூன்று பூரிக்குள் முடித்துவிட்டார். இவரை எழுதியே தீருவது என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

இறுதியாண்டில் ஒரு காலை, பல்லடத்திலிருந்து முட்டை கொண்டுவருகிற வேன்காரர் வெறுங்கையோடு வந்தார். முந்தின நாள் வேனைப் பின்னால் எடுத்தபோது ஒரு பெரியவர் மேல் இடித்திருக்கிறது. இவரே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். விடியும்போது பெரியவர் போய்விட்டார்.

“நான் கொன்னுபோட்டனுங்க மாஸ்டர். ஸ்டேசனுக்குக் கூப்புட்டாங்க. அப்படியே சொல்லிப்போடறேன். தூக்குல போட்டுருவாங்களா? பொண்ணு மூணாவதுதான் படிக்குதுங்க.”

வருங்கால வக்கீல்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நாலு பேர் பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். ஒருவன் மொபைலில் தேடினான்.

மாஸ்டர் அடுப்பை அணைத்தார். “அவருகூடப் பகையுங்களா?”

“பேரே தெரியாதுங்க.”

“பின்னால ஆள் நின்னது தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“பாத்தீங்களா?”

வேன்காரர் தலை குனிந்தது. “பாக்கலீங்க. போன் பேசீட்டிருந்தேன்.”

“நடந்ததைச் சொல்லுங்க. போனையும் மறைக்காதீங்க. கொன்னுபோட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. மனசு வலிக்கறதுக்குச் சொல்ற பேச்சுங்க அது, நடந்தது அதில்லீங்க. இது கவனக்குறைவு. தண்டனை வரலாம். தூக்கு வராது.”

“இவ்வளவும் எங்க படிச்சீங்க மாஸ்டர்?” என்றேன்.

“படிக்கலீங்க கண்ணு. பஸ் ஓட்டீட்டிருந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டுல ஒரு பொண்ணு குறுக்க வந்துருச்சு. நானும் எல்லார்கிட்டயும் கொன்னுபோட்டேன், கொன்னுபோட்டேன்னேதான் சொன்னேன். அப்ப அதுக்கு உச்சம் ரெண்டு வருசம். பூராவும் உள்ள இருந்தேன். பூரி அங்க கத்துக்கிட்டதுங்க.”

நாலு வருடம் சிரித்துக்கொண்டே கூப்பிட்ட பட்டப்பெயர் காதில் அறைந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வேன்காரரோடு ஸ்டேஷனுக்கு நடந்தார்; வாசல் வரைக்கும்தான், உள்ளே போகவில்லையாம்.

வேன்காரருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. நானும் இப்போது வக்கீலாகப் பதிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை அவருடைய வழக்கு விசாரணையில் சீனியர் வக்கீல் பக்கத்தில் நிற்கப்போகிறேன். மாஸ்டரை வரச்சொன்னேன். “கோர்ட்டுப் படி மிதிக்க மாட்டேனுங்க கண்ணு” என்கிறார். அன்று விடிந்ததும் விடுதிக்குப் போய், முதலில் அவருடைய பெயரைக் கேட்கவேண்டும். அப்புறம் கையைப் பிடித்துக் கூட்டிவர முயன்று பார்ப்பேன்.