கம்ப்யூட்டருக்குப் பல் விளக்கிய ஞாயிற்றுக்கிழமை

தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லிப் பழக எனக்கு முப்பது வயது ஆனது. அதற்கு முன்னால் யார் எதைக் கேட்டாலும் "ஆமா" என்றுதான் சொல்வேன். வழி கேட்டவர்களைக்கூட வெறுமனே திருப்பி அனுப்பியதில்லை. தப்பான ஊருக்காவது அனுப்பி வைத்திருக்கிறேன். அப்படி நான் சொன்ன மூன்று 'ஆமா'க்கள், 2008-ல் எங்கள் தெருவில் நடந்த ஒரு காதுகுத்தை அடிதடி வரைக்கும் கொண்டுபோய்விட்டன.

அப்போது மதுரையில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு (இரண்டு பேப்பர் பாக்கி; அதை முடித்தது என்று சொல்லலாமா என்று கேட்காதீர்கள்) ஊருக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். ஊர், ராமநாதபுரம் பக்கத்துச் சிக்கல். ஊர்ப் பெயரை வைத்து நீங்கள் செய்யப்போகும் கேலியையெல்லாம் விடுதியிலேயே என் நண்பர்கள் செய்து முடித்துவிட்டார்கள். வீட்டில் அய்யாவும் நானும் மட்டும். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அய்யா விடிவதற்குள் மிளகாய்க் காட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வந்தால் "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்யா" என்பேன். ஒரு நாளைக்கு எங்கள் வீட்டில் செலவான வார்த்தைகள் ஏறக்குறைய அவ்வளவுதான்.

விடுதியில் இருந்தவரை அப்படி இல்லை. சாகுல், ராஜ்குமார், நான் மூவரும் மூன்று கம்ப்யூட்டரை ஒரே வயரில் கோத்து கேமில் ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்கொண்டு கத்துவோம். படிப்பு முடிந்ததும் சாகுல் சிங்கப்பூர் போனான். ராஜ்குமாருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. நான் மட்டும் என் கம்ப்யூட்டரோடு ஊருக்கு வந்து, கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் எதிரிகளைச் சுட்டுக்கொண்டிருந்தேன். செத்து விழும்போது அவர்கள் யாரும் கெட்ட வார்த்தையில் திட்டுவதில்லை. அதுதான் குறை.

ஒருநாள் சாகுல் போன் செய்தான்.

"மாப்ள, புது கேம் ஒண்ணு வந்திருக்கு. நெட்டுலயே மூணு பேரும் சேர்ந்து வெளையாடலாம். வார ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, உங்க நேரத்துக்குப் பன்னெண்டு மணி. ராஜ்குமாரும் வாரேன்னுட்டான். உன் டப்பாவுல ஓடுமாடா?"

"ஓடும்டா" என்றேன்.

ஓடவில்லை. முதல் காட்சியில் ஒரு சிப்பாய் காலைத் தூக்கினான். தூக்கியவன் தூக்கியபடியே நின்றுவிட்டான். அய்யா வந்து எட்டிப் பார்த்தார், குளித்தார், சாப்பிட்டார், மறுபடி வந்து பார்த்தார். "இன்னுமா அவன் காலை ஊனல?" என்றார்.

ப்ராசஸரையும் மதர்போர்டையும் மாற்றினால்தான் ஆகும். ஒன்று கம்ப்யூட்டரின் மூளை, மற்றது அந்த மூளை உட்காரும் பலகை என்று அய்யாவுக்கு விளக்கினேன்.

"அப்ப பழசுல என்னதான்லே மிஞ்சும்?"

"பொட்டி மிஞ்சும்யா."

கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துவிட்டு, மிளகாய் விற்றதில் ஒரு சின்னப் பங்கை எடுத்துத் தந்தார். அந்தப் பணத்துக்குப் புதுசு வாங்க முடியாது. மதுரையில் பழைய சாமான் விற்கும் ஒரு மாடிக்கடைக்குப் போனேன். நான் கேட்டது கடைக்காரரிடம் இருந்தது. கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்டார்.

"தம்பி, உங்ககிட்ட இருக்க ரேம் இந்த போர்டுல சேரும்ல?"

"ஆமாண்ணே."

"ப்ராசஸர் மேல தடவுற பேஸ்ட் வீட்டுல இருக்கா?"

"ஆமா."

"பழைய பவர் சப்ளை தாங்குமா?"

"ஆமா, ஆமா." (கம்ப்யூட்டர் படித்தவனிடம் இதையெல்லாமா கேட்பது என்று லேசாகச் சிரிக்கவும் செய்தேன்.)

மதர்போர்டைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ப்ராசஸரை அதைவிடப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தேன். ஒரு பக்கம் முழுக்க முடி மாதிரி நூற்றுக்கணக்கான கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சாமான் அது. மானாமதுரை தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி என் நெஞ்சில் தலையைச் சாய்த்தார். எழுப்பியிருக்கலாம். ஆனால் யாரோ ஒரு மனுஷன் அவ்வளவு பக்கத்தில் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது. விட்டுவிட்டேன். ராமநாதபுரத்தில் அவர் இறங்கியபோது ஒரு மூலைக் கம்பிகளெல்லாம் காற்றில் சாய்ந்த பயிர்போலப் படுத்திருந்தன.

இரண்டு நாள் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். அம்மாவின் ஊசி டப்பா அலமாரியில் அதே இடத்தில்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக்கொண்டேன். உடம்பில் இருக்கும் மின்சாரம் ப்ராசஸரைக் கெடுத்துவிடும், எர்த்தைத் தொட்டுக்கொண்டு வேலை பார்க்கவேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே ஒரு தட்டில் ஈர மண்ணைப் போட்டு அதில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டேன்.

காட்டிலிருந்து வந்த அய்யா நின்று பார்த்தார். "ஏலே பூமி, வீட்டுக்குள்ளயே நாத்து நடுறியா?"

சனிக்கிழமை, பழைய ரேம் அட்டையைப் புது போர்டின் பள்ளத்தில் மாட்டப் போனால் இறங்க மறுத்தது. அழுத்தினேன். முழங்கையால் அழுத்தினேன். பின்னாலிருந்து அய்யா சொன்னார்: "இதுல வெட்டு நடுவுல இருக்கு. அதுல வெட்டு தள்ளியிருக்குலே. எப்படிச் சேரும்?"

நான்கு மணி நேரமாக எனக்குத் தெரியாதது அவருக்கு நாலு நொடியில் தெரிந்துவிட்டது. அந்த எரிச்சலில், "உங்களுக்கு என்னய்யா தெரியும் இதைப் பத்தி?" என்று கத்திவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு "சாப்பிட்டியா" கூடக் கேட்கவில்லை. நான் மட்டும் ராமநாதபுரம் போய், சேருகிற ரேம் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை பேஸ்டின் முறை. ப்ராசஸரின் சூட்டை மேலே இருக்கும் விசிறிக்குக் கடத்துவதற்கு வெள்ளையாக ஒரு பசை தடவவேண்டும். அது வீட்டில் இல்லை. கல்லூரி சீனியர் ஒருத்தர் "அவசரத்துக்குப் பல் பேஸ்டே போதும்டா" என்று எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. குளியலறைக்குப் போனேன். எங்கள் வீட்டில் இருந்தது கிராம்பு வாசம் வீசும் சிவப்பு பேஸ்ட். தாராளமாகப் பிதுக்கினேன்.

அன்றைக்கு அடுத்த வீட்டு முனியசாமி சித்தப்பாவின் பேத்திக்குக் காதுகுத்து. சித்தி வந்து, "பூமி, பந்திக்கு ஆள் வேணும்டா, வாடா" என்று கூப்பிட்டார்.

"எனக்கு வேலை இருக்கு சித்தி."

"ஞாயித்துக்கிழமையுமா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். நெற்றியிலெல்லாம் சிவப்பு பேஸ்ட் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒன்றை நான் கவனித்திருக்கவேண்டும். சித்தப்பா வீட்டு லைன் மைக் செட்டைத் தாங்காது என்று, அய்யா எங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்திருந்தார்.

பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம். பந்தலில் மைக் முழங்கியது: "ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து, இருபத்தொரு தட்டு சீரோடு வருகை தந்திருக்கும் நம் செல்லக் குழந்தையின் தாய்மாமன், அண்ணன்..."

நான் சுவிட்சைப் போட்டேன்.

'டப்' என்று ஒரு சத்தம். பவர் சப்ளை வாயிலிருந்து புகை. அறை முழுக்கக் கிராம்பு வாசம், யாரோ பல் விளக்கிவிட்டுத் தீக்குளித்தது மாதிரி. ஃபியூஸ் போய், மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. அடுத்த வீட்டு மைக்கும் நின்றது.

அந்த அமைதியைப் பிளந்துகொண்டு மைக் இல்லாமலே ஒரு குரல் கேட்டது. "எம்பேரு வரும்போது மட்டும் மைக்கு அமந்துபோகுதாக்கும்? போன வருசம் வீடு கட்டுனப்பவும் எனக்குச் சொல்லல. இப்ப இது. எடுங்கடா தட்டை!"

தாய்மாமன் தங்கவேலு. அவர் ஆட்கள் உண்மையாகவே தட்டுகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா மகன்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். குழந்தை அழுதது. நான் எங்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அய்யா வந்து என் கையைப் பிடித்தார்.

"இங்கன வா."

பந்தலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசும் மனுஷன், இருநூறு பேருக்குக் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"மாப்ளே தங்கவேலு, உங்க பேரை அமத்த யாரும் நினைக்கல. எம்மகன் கம்ப்யூட்டருக்குப் பல்லு வெளக்கிவிட்டான். அது கொப்புளிக்கயில ஃபியூசு போச்சு. நம்பலைன்னா இவனை மோந்து பாருங்க."

தங்கவேலு மாமா நிஜமாகவே குனிந்து என்னை மோந்து பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். அவர் மீசை துடித்தது. அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடினேன். அவர் சிரித்தார். பந்தலே சிரித்தது. தட்டுகள் இறங்கின. காது குத்தப்பட்டது. அழுகையை நிறுத்திவிட்டுக் குழந்தைகூட என்னைப் பார்த்தது.

நான் நழுவிப் பந்தலுக்குப் பின்னால் போய்ச் செல்போனை எடுத்தேன். மணி பன்னிரண்டரை. பாவம், இரண்டு பேரும் அரை மணி நேரமாக எனக்காகக் காத்திருப்பார்களே என்று அவசரமாக நம்பரை அழுத்தினேன். சாகுலின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ராஜ்குமார் எடுத்தான்.

"ஐயோ, இன்னைக்கா மச்சான்? சுத்தமா மறந்துட்டேன்டா. ஆபீஸ் பசங்களோட படத்துக்கு வந்திருக்கேன். அடுத்த வாரம் பாப்போமா?"

"ஆமா, பாப்போம்" என்றேன்.

அடுத்த வாரம் யாரும் பேசவில்லை. சாகுல் ஒரு மாதம் கழித்துப் பேசினான். வேறு ஏதோ விஷயமாக.

அன்றைக்குப் போனைப் பையில் போட்டுக்கொண்டு பந்திக்கு வந்தேன். பந்தியில் அய்யா தன் பக்கத்து இலையைக் கையால் மறைத்து எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். "உக்காருலே. சோறு ஆறுது" என்றார். நேற்றுக் கத்தியதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்கு வைத்த கறியில் கிராம்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் கரண்ட் போனாலும், "பூமி பல்லு வெளக்குறான் போல" என்று ஒரு குரல் வரும். என் கல்யாணத்தில் தங்கவேலு மாமா சீர்த்தட்டில் ஒரு பேஸ்ட் டப்பாவைச் சேர்த்து வைத்தார். என் மகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். அய்யா குரலில், அய்யா மாதிரியே துண்டை உதறிக்கொண்டு சொல்லுவாள்.

போன வருஷம் சாகுல் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தபோது மகள் நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கடையிலயே பொட்டியைக் குடுத்திருந்தா பொறுமையா மாட்டிக் குடுத்திருப்பான்லடா. அப்படி என்னடா அவசரம் உனக்கு?"

பன்னிரண்டு மணிக்கு விளையாட வரச்சொன்னதே அவன்தான் என்பது அவனுக்கு நினைவில்லை; உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மாதான்டா. பொழுது போகல" என்று சொல்லிவிட்டு, அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தேன்.